முள் இல்லாத தூண்டில்

முந்தின நாள் ராத்திரியே கோழிக் கழுத்து கட்ட உட்கார்ந்துவிட்டோம். மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். நண்பன் வீட்டுக் கார் கொட்டகை. நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் சுருள் சுருளாக 1,200 அடி நைலான் கயிறு. ஆறடிக்கு ஒரு சுருக்கு, சுருக்குக்கு ஒரு கழுத்து. மொத்தம் 200. கல் உப்பில் ஊறிய கழுத்துகள் விறைத்து, வெளிறி, விரலில் வழுக்கின. நான் ஐம்பது கட்டுவதற்குள் அவன் நூறைத் தாண்டியிருந்தான்.

கட்டிக்கொண்டே கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தேன். எங்கேயும் தூண்டில் முள் இல்லை. வலைக் கண்ணி இல்லை, கூண்டு இல்லை.

"ஏலே, முள்ளே இல்லையே. நண்டு எப்படி மாட்டும்?"

"மாட்டாது. அதுவாப் பிடிச்சுக்கிட்டு வரும்."

"நடுவுல விட்டுட்டா?"

"விட்டுட்டா போயிரும்."

அவ்வளவுதான் சொன்னான். அடுத்த கழுத்தை எடுத்துச் சுருக்கில் நுழைத்து இழுத்தான்.

நாங்கள் இருவரும் தூத்துக்குடிக்காரர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவன் அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. மீன்பிடிக் குடும்பம் இரண்டு பேருமே கிடையாது. ஆனால் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டிலைச் சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். நீளமான தாய்க்கயிறு, அதில் வரிசையாகத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள். குத்திவிடாமல் அந்த முட்களைக் கூடையின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி வைக்கிற லாகவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இது அதே தூண்டிலின் ஒன்றுவிட்ட தம்பி. முட்களை மட்டும் யாரோ பிடுங்கிவிட்டார்கள். ட்ராட்லைன் என்று சொல்கிறார்கள். நண்பனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு கிழவர். செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக நண்டும் சிப்பியும் எடுத்த குடும்பம். அங்கே அந்தத் தொழில்காரர்களை மீனவர் என்று சொல்வதில்லை, வாட்டர்மேன் என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீர்க்காரர். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்திருந்தது. மீனோ, நண்டோ, சிப்பியோ, பருவத்துக்கு எது வருகிறதோ அது. மாறாதது தண்ணீர் மட்டும்.

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். பின்னால் இழுவண்டியில் 16 அடி அலுமினியப் படகு. அன்னாபொலிஸைத் தாண்டியதும் செசபீக் விரிகுடாப் பாலம் வந்தது. ஏழு கிலோமீட்டர் நீளம். கீழே கப்பல் போக வேண்டும் என்பதற்காக நடுவில் மலையேறுவதுபோல மேலே ஏறுகிறது. பாம்பன் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவன் நான். அந்த உயரத்திலேயே வயிறு சில்லிட்டிருக்கிறது. இது அதற்குப் பல மடங்கு. இருட்டில் தண்ணீர் தெரியவில்லை. நங்கூரமிட்டு நின்ற சரக்குக் கப்பல்களின் விளக்குகள் மட்டும் எங்கோ பாதாளத்தில் தெரிந்தன. 1952-ல் இந்தப் பாலம் திறக்கும் வரை நேராக அக்கரைக்கு வண்டியோடு போக வேண்டுமென்றால் படகுத்துறையில் காத்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, அக்கரை இன்றைக்கும் வேறு நாடு மாதிரி இருக்கிறது. பாலம் இறங்கியதும் சோளக்கொல்லை, சோயா வயல், நீளமான தகரக் கொட்டகைகள்.

"என்ன கொட்டகை?" என்றேன்.

"கோழி. நேத்து நீ கட்டுன கழுத்தெல்லாம் இங்க இருந்து வந்ததுதான்."

டெலாவேர், மேரிலாந்து, வர்ஜீனியா மூன்றும் பங்குபோட்டிருக்கும் இந்தத் தீபகற்பத்தில் கறிக்கோழி வளர்ப்பு தொடங்கிய கதையை வண்டியில் போகும்போது சொன்னான். 1923-ல் டெலாவேரின் ஓஷன் வியூ என்ற ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதியிருக்கிறார். தவறுதலாக 500 வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்பாமல் கறிக்கென்று வளர்த்து விற்றார். லாபம் வந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு பெருந்தொழிலே முளைத்துவிட்டது. வயலுக்கு உரமாகப் போடும் கோழி எச்சம் மழைக்குக் கரைந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து விரிகுடாவுக்கும் போகிறது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து மக்கும்போது அடித்தண்ணீரின் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்கிறது. கோடையில் நண்டுக்கு மூச்சுமுட்டுகிறது. வயல் உரங்கள், ஊர்ச் சாக்கடை என்று வேறு காரணங்களும் சேர்ந்ததுதான். ஆனாலும் அந்த விரிகுடாவின் நண்டைப் பிடிக்க அதே கோழியின் கழுத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போகிறோம் என்பது நெஞ்சில் ஒரு கல் மாதிரி உட்கார்ந்தது.

வை ஆற்றின் கிழக்குக் கிளையில், வை லேண்டிங் என்ற துறை. எங்களுக்கு முன்பே ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லாவற்றிலும் அதே தொட்டி, அதே கயிறு. யாரும் சத்தமாகப் பேசவில்லை. மேரிலாந்தின் பெரிய நண்டுகள் இந்த ஆற்றில்தான் என்று ஒரு பேர் உண்டாம். விரிகுடாவுக்குள் விழும் இந்த மாதிரி ஆறுகளில் வியாபார நண்டுக்கூண்டு போடக் கூடாது என்பது மாநிலச் சட்டம். அதனால் ஆற்றில் எல்லாருக்கும் கயிறுதான்.

ஆறு என்று சொன்னாலும் ஓடுகிற ஆறு இல்லை. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று, லேசாக உப்பு. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது சஸ்குவெஹானா என்ற பெரிய ஆற்றின் பள்ளத்தாக்கு முழுகி உண்டானதுதான் செசபீக். முழுகிப்போன கிளையாறுகள் கை விரல்கள் மாதிரி இரண்டு பக்கமும் நிலத்துக்குள் நீண்டு கிடக்கின்றன. நீளம் 320 கிலோமீட்டர். சராசரி ஆழம் 21 அடிதான். இவ்வளவு பரந்த தண்ணீர், அதில் பெரும்பகுதி ஒரு மாடி வீடு முழுகாத ஆழம். ஆழம் குறைந்த இடங்களில் வெயில் அடிவரை போகிறது, புல் முளைக்கிறது, நண்டு பெருகுகிறது.

ஆகஸ்டு மாதக் கடைசி. சூரிய உதயம் ஆறரைக்கு. அதற்கு அரை மணி நேரம் முன்புதான் கயிறு போடலாம். இருட்டிலேயே போய் இடம் பிடித்து எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். காத்திருந்த அந்த நேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்ததால் ஆற்றின் மேல் புகை மாதிரி மூடுபனி எழும்பிக்கொண்டிருந்தது. கரை தெரியவில்லை, பைன் மரங்களின் உச்சி மட்டும் கோடாகத் தெரிந்தது. அந்த மரங்களிலிருந்து பூச்சிகளின் இரைச்சல். அது திடீரென்று நின்றது. நின்றதும் தூரத்தில் இன்னொரு படகில் ஒருவர் பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம்கூடக் கேட்டது. நண்பன் தன் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினான். தூத்துக்குடியிலிருந்து நான் கொண்டுபோன மக்ரூனில் இரண்டை ஒரு டப்பாவில் எடுத்து வந்திருந்தான். பனிக்குள் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "போடுவோம்."

முதல் மிதவையை எறிந்தான். அதன் கீழே சங்கிலி, சிறிய நங்கூரம், பிறகு கயிறு. எஞ்சின் மெதுவாக முன்னே போகப் போக, தொட்டியிலிருந்து கயிறு தானாக உருவிக்கொண்டு ஓடியது. கழுத்து கழுத்தாகத் தண்ணீரில் விழும் சத்தம், ப்ளக், ப்ளக் என்று ஒரே தாளத்தில். எட்டடி ஆழம் இருக்கிற கோட்டில் நேராகப் போக வேண்டும், வளைந்தால் வேலைக்கு ஆகாது. மறுமுனையில் இழுத்து விறைப்பாக்கி இரண்டாவது நங்கூரத்தைப் போட்டான். பத்து நிமிடம் காத்திருந்தோம். அடியில் இருட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உப்புக்கறி வாசம் தண்ணீரில் பரவும். புல்லுக்குள்ளிருந்து ஒன்று பக்கவாட்டில் நடந்து வரும். வந்து கழுத்தைக் கொடுக்கால் பற்றும்.

முதல் மிதவைக்குத் திரும்பி வந்தோம். படகின் வலது ஓரத்தில் உருளை வைத்த ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு எஞ்சினை நடை வேகத்தில் ஓட்டினால், முன்னே அடியிலிருந்து கயிறு எழும்பி வந்து, உருளையில் ஏறி, பின்னே மறுபடி இறங்கிப் போய்விடும். கழுத்துகளோடு ஒட்டிக்கொண்டு வரும் நண்டுகள் தண்ணீர் மட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால் கம்பிவலைக் கரண்டியால் கீழிருந்து வாரி எடுக்க வேண்டும். நீளமான பிடி, கோழிக்கூட்டுக் கம்பியில் செய்த வலை. அதை என் கையில் கொடுத்துவிட்டு அவன் எஞ்சினுக்குப் போய்விட்டான்.

வெறும் கழுத்து. வெறும் கழுத்து. மூன்றாவதும் வெறும் கழுத்து.

நான்காவதில் பார்த்தேன். பச்சையும் பழுப்புமான தண்ணீருக்குள், இரண்டடி ஆழத்தில், முதலில் ஒரு வெளுப்பு. அது நண்டின் வயிறு. அப்புறம் நீலம். அந்த நீலத்தை எப்படிச் சொல்வது? கொடுக்குகளின் உள்பக்கம், பழைய மைக்கூட்டில் கடைசியாகத் தங்கியிருக்கும் மை மாதிரி ஒரு நீலம். கழுத்தை இரண்டு கொடுக்காலும் அணைத்து வாயில் வைத்துக்கொண்டு அது மேலே வந்துகொண்டிருந்தது. தன்னைத் தூக்குகிறார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. கயிறு ஏற ஏற, வெளிச்சம் ஏற ஏற, தின்றுகொண்டே வந்தது. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு சாண் ஆழத்தில் அதன் காம்புக் கண்கள் அசைந்தன. கொடுக்கைத் திறந்தது. அவ்வளவுதான், பக்கவாட்டில் ஒரு வீச்சில் மறைந்துவிட்டது. கழுத்து மட்டும் உருளையில் ஏறி என்னைத் தாண்டிப் போனது.

"பார்த்துக்கிட்டே நின்னா எப்படில?" நண்பன் கோபப்படவில்லை, சிரித்தான். "அது மேல வர வரைக்கும் நீ காத்திருக்கக் கூடாது. நீ கீழ போகணும். பின்னால இருந்து போய் அள்ளு."

அடுத்த இரண்டையும் விட்டேன். ஏழாவதை அள்ளினேன். கரண்டிக்குள் கம்பியைப் பற்றிக்கொண்டு அது படபடவென்று அடித்தது. கூடைக்குள் கொட்டியதும் இரண்டு கொடுக்கையும் விரித்து எங்களைப் பார்த்து எழும்பி நின்றது. ஒரு வரிசை முடிவதற்குள் 22 நண்டுகளை எடுத்திருந்தேன். தப்பியவற்றை எண்ணவில்லை.

கயிற்றின் கோடியில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தரம் பிரித்தோம். இங்கேதான் அந்தப் பிராணியை நிதானமாகப் பார்த்தேன். தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் ஏலம் போகும் நீலக்கால் நண்டும் இதுவும் ஒரே குடும்பம். கடைசிக் காலிரண்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அந்தத் துடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். காகிதம்போல மெல்லியது, ஓரத்தில் மயிர், மூட்டு எல்லாத் திசையிலும் சுழல்கிறது. இதற்குப் பெயர் வைத்தவர் அந்தத் துடுப்பைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கேலினெக்டிஸ் சாபிடஸ். கிரேக்கத்தில் அழகாக நீந்துவது, லத்தீனில் ருசியானது. சாபிடஸ் என்ற பெயரைச் சூட்டியவர் மேரி ராத்பன், 1896-ல். கல்லூரிப் பக்கமே போகாதவர். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நண்டு வகைகளை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர். 1914-ல் தன் உதவியாளருக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தன் சம்பளப் பதவியை விட்டுக்கொடுத்தார். பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூலியில்லாமல் அதே மேஜையில் வேலை பார்த்தார். எத்தனையோ ஆயிரம் நண்டைக் கையில் எடுத்த ஒருவர், இந்த ஒன்றுக்கு மட்டும் ருசியானது என்று பெயர் எழுதியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அது உதித்திருக்கும் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டேன்.

நண்பன் ஒரு நண்டைப் பின்புறமாகப் பிடித்து மல்லாக்கத் திருப்பினான். "வயித்துல என்ன தெரியுது?"

நடுவில் ஒல்லியாக ஒரு கூம்பு. மேலே போகப் போக ஊசி.

"வாஷிங்டன் நினைவுத் தூண். இது ஆண், ஜிம்மி. இங்க வா, இதப் பாரு." இன்னொன்றைத் திருப்பினான். அகலமாக, வட்டமாக ஒரு கவிகை. "நாடாளுமன்றக் கட்டடம். முழுசா வளர்ந்த பொண்ணு, சூக். விரல் நுனியப் பாரு, சிவப்பு."

கொடுக்கின் நுனிகள் மருதாணி இட்ட மாதிரி சிவந்திருந்தன. எங்களைப்போலப் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள் கடினமான ஓடுடைய பெண் நண்டை இந்த மாநிலத்தில் எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆணிலும், ஜூலை மத்திக்கு அப்புறம், ஓட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐந்தேகால் அங்குலம் இருக்க வேண்டும். நண்பன் ஒரு பித்தளை அளவுகோல் வைத்திருந்தான். கிழவர் கொடுத்துவிட்டுப் போனதாம். சந்தேகம் வந்தால் அளப்பான். மயிரிழை குறைந்தாலும் தண்ணீருக்குள் போய்விடும். அந்த 22-ல் ஒன்பது கூடையில் நின்றன.

இரண்டாவது ஓட்டத்தில், கரண்டியில் இரண்டு நண்டு ஒன்றாக வந்தன. நான் சண்டை என்று நினைத்துப் பிரிக்கப் போனேன். "தொடாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பெரிய ஆண், கீழே ஒரு சிறிய பெண். நடைக்கால்களால் அவளை வயிற்றோடு அணைத்திருந்தது. கழுத்தை விட்டிருந்தது, அவளை விடவில்லை. பெண் நண்டு கடைசி முறையாகச் சட்டை உரிக்கப் போகிறது என்றால், ஆண் அவளை இப்படித் தூக்கிக்கொண்டே நாள்கணக்கில் அலையும். உரிக்கும்போது மேலே கூண்டு மாதிரி நின்று காக்கும். உரித்த மெத்து உடம்போடு சேரும். ஓடு இறுகும் வரை மறுபடி தூக்கிக்கொண்டு திரியும். அவள் வாழ்நாளில் அது ஒரே தடவைதான். அதற்குப் பிறகு இலையுதிர் காலத்தில் அவள் தெற்கே கிளம்புகிறாள், ஏறத்தாழ 200 கிலோமீட்டர், விரிகுடாவின் வாய்க்கு. அங்கேதான் தண்ணீர் குஞ்சுகளுக்கு வேண்டிய அளவு உப்பு. லட்சக்கணக்கில் முட்டை. பொரிந்த குஞ்சுகள் அட்லாண்டிக் கடலுக்குள் அடித்துப் போகப்பட்டு, பிழைத்தவை காற்றும் நீரோட்டமும் தள்ள மீண்டும் வாய்க்குள் நுழைந்து, புல்லுக்குள் ஒளிந்து, சட்டை மேல் சட்டை உரித்து, இந்த ஆற்றுக்கு ஏறி வருகின்றன.

ஆண் நண்டு ஆறரை அங்குலம் இருக்கும். சட்டப்படி அதை எடுக்கலாம். நண்பன் கரண்டியை அப்படியே தண்ணீருக்குள் தாழ்த்தினான். அவை ஒன்றாகவே இறங்கிப் போயின.

எண்ணிக்கை சரிந்ததால் 2008-ல் பெண் நண்டைப் பிடிப்பதை மேரிலாந்தும் வர்ஜீனியாவும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. குளிர்காலத்தில் சேற்றில் புதைந்து தூங்கும் நண்டுகளை இரும்பு வாரியால் வாரும் தொழிலை வர்ஜீனியா அந்த ஆண்டு நிறுத்தியது. அப்படிப் புதைந்து கிடக்கும் நேரத்தில்தான் 1990-லிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் 1,500 இடங்களில் அடிமண்ணை வாரி எண்ணிப் பார்க்கிறார்கள். 2022-ல் வந்த கணக்கு 22.7 கோடி. எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை அதுதான் மிகக் குறைவு. கோடிகளில் எண்ணினாலும் குறைவு குறைவுதான். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மயிரிழை பார்க்கிற என் நண்பனை அப்போது எனக்குக் கூடுதலாகப் பிடித்தது.

பனி விலகியது. தென்கரை தெரிந்தது. புல்வெளிகள், ஓடைகள், உள்ளே தள்ளிப் பழைய மாளிகைகள். அந்தக் கரையில்தான் வை ஹவுஸ் என்ற பெரும்பண்ணை. பிரெடரிக் டக்ளஸ் அடிமைச் சிறுவனாக ஆறு வயதில் கொண்டுவந்து விடப்பட்ட இடம். 1845-ல் அவர் எழுதிய தன்வரலாற்றை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அதில் எனக்கு மறக்காத ஓரிடம் உண்டு. குழந்தைகளுக்கு மக்காச்சோளக் களியை ஒரு மரத்தொட்டியில் கொட்டித் தரையில் வைப்பார்கள். பன்றிக்குட்டிகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார்கள். ஓடிவந்து சிலது சிப்பி ஓட்டால் அள்ளித் தின்னும், சிலது வெறுங்கையால். வேகமாகத் தின்றதற்கு அதிகம் கிடைக்கும். அந்தச் சிப்பி ஓடு இந்தத் தண்ணீரிலிருந்துதான் வந்திருக்கும். படகின் பக்கத்தில், இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரின் ஓரத்தில், வெள்ளைச் சிப்பி ஓடுகள் சேற்றில் கிடந்தன. ஒன்றைக் கரண்டியால் எடுத்தேன். என் உள்ளங்கையளவு. உள்பக்கம் வழுவழுப்பு, ஓரம் கத்தி. ஒரு குழந்தையின் வாய்க்கு எட்டுகிற ஓரமா அது? திரும்ப வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் நாங்கள் இருவருமே பேசவில்லை.

நாலு ஓட்டம் ஆனதும் என் விரல்கள் எரியத் தொடங்கின. கயிற்றோடு சொறிமீனின் இழைகள் சுற்றிக்கொண்டு வந்திருந்தன. செசபீக்கின் கோடைக்கால விருந்தாளி. கயிற்றைத் தொட்டாலே போதும், கொடுக்கான் கடித்த மாதிரி சுள்ளென்று ஏறும். "கண்ணைத் தொட்டிராதே" என்றான் நண்பன்.

நண்டு ஓய்ந்த இடைவெளியில் இரண்டு சின்னத் தூண்டில் கழிகளை எடுத்தான். முழுகிய பழைய மரத்தூண்கள் பக்கம் போய், சுழலும் தகடு வைத்த சின்ன முள்ளை எறிந்தோம். வெள்ளைப் பெர்ச் என்று ஒரு மீன், உள்ளங்கை நீளம், வெள்ளிச் செதில். எறிந்த வேகத்துக்குக் கவ்வியது. எட்டு எடுத்தோம். ஒன்று வேறு மாதிரி இழுத்தது, கழி வளைந்தது. மேலே வந்தபோது உடம்பு நெடுக ஏழெட்டுக் கறுப்புக் கோடு. கோடுபோட்ட பாஸ். இந்த ஊரில் ராக்ஃபிஷ் என்கிறார்கள், மேரிலாந்தின் மாநில மீன். எண்ணிக்கை சரிந்துபோனதால் 1985-லிருந்து 1990 வரை இதைப் பிடிப்பதையே முழுக்கத் தடைசெய்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது குட்டி. முள்ளைக் கழற்றி, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே விட்டான்.

கடைசி ஓட்டம் ஒன்பது மணிக்கு. அதற்குள் வெயில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. காலையில் ஒரு சாண் ஆழம் வரை பிடித்துக்கொண்டு வந்தவை, இப்போது மூன்றடியிலேயே எங்களைப் பார்த்துவிட்டன. படகின் நிழல் விழுந்த இடத்தில் ஒன்று விட்டது. வலையின் கம்பி மின்னியதில் இன்னொன்று விட்டது. நான் வலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏறி வருவதும், ஒரு கணம் நிற்பதும், கொடுக்கைத் திறப்பதும், துடுப்பு ஒரு வீச்சு வீசி மறைவதும். அந்தத் தெளிந்த பச்சைக்குள் அது திரும்பும்போது நீலம் ஒரு தரம் பளிச்சிடும். என் வாழ்க்கையில் எத்தனையோ நண்டு தின்றிருக்கிறேன். அது நீந்துவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எடுத்திருவோமா?" என்றான்.

"இன்னும் ஒரு ஓட்டம்."

"ஒண்ணும் வராதுல."

"வராட்டி என்ன."

ஓட்டினான். அந்த ஓட்டத்தில் ஒன்றும் கூடைக்குள் வரவில்லை.

கூடை முக்கால்வாசி. மேலே ஈரச் சாக்கு. நண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் ஆக்ஸிஜன் தீர்ந்து செத்துவிடும். செவுள் ஈரமாக இருந்தால் போதும், காற்றிலேயே வீடு வரை உயிரோடு வரும். பாலம் திரும்பி ஏறும்போது பின்சீட்டிலிருந்து சாக்குக்குள் ஓடு உரசும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நீள மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்தார்கள். பாதி நண்டு நண்பன் மனைவியின் கையில், மிளகும் சோம்பும் சின்ன வெங்காயமும் அரைத்துக் குழம்பாகப் போனது. மீதி அந்த ஊர் வழக்கம். பானையில் தண்ணீரும் வினிகரும் சரிபாதி, தட்டில் நண்டை அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஓல்ட் பே மசாலாவும் கல் உப்பும் கைநிறையத் தூவி, ஆவியில் அரை மணி நேரம். அந்த மசாலாவைக் கூட்டியவர் குஸ்தாவ் புருன் என்ற ஜெர்மானிய யூதர். நாஜிகளின் புச்சன்வால்ட் முகாமில் அடைபட்டு, விடுபட்டு, 1939-ல் பால்டிமோருக்குத் தப்பி வந்தவர். மசாலா அரைக்கும் சின்ன இயந்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, மீன் மார்க்கெட்டுக்கு எதிரே கடை போட்டிருக்கிறார். இன்று அந்த மணம் இல்லாமல் இந்த மாநிலத்தில் நண்டு இல்லை.

செந்நிறமாக மாறிய நண்டுகளை மேஜையில் கொட்டினார்கள். நீலம் போய்விட்டிருந்தது. நான் நம் ஊர் வழக்கத்தில் காலை ஒடித்துக் கடிக்கப் போனேன். நண்பனின் மகள், பத்து வயது, என் கையிலிருந்து நண்டை வாங்கிக்கொண்டாள்.

"அப்படி இல்ல மாமா. இங்க பாருங்க." மல்லாக்கத் திருப்பி, வயிற்றில் இருக்கும் அந்தத் தூணின் நுனியைக் கத்தி முனையால் நெம்பினாள். டப்பா மூடியைத் திறப்பதுபோல ஓடு கழன்று வந்தது. செவுளைச் சுரண்டி எறிந்தாள். இரண்டாக உடைத்தாள். துடுப்புக் காலைப் பிடித்து மெதுவாகத் திருகி இழுத்தாள். அதன் அடியில் ஒரு பெரிய வெள்ளைச் சதை உருண்டை முழுசாகக் கழன்று வந்தது. நீந்துகிற தசை. அதை என் தட்டில் வைத்தாள். கயிறு அறுத்த என் விரல் வெட்டுகளில் மசாலா இறங்கி எரிந்தது. விடாமல் தின்றேன். ருசியானது என்று எழுதிய அந்த அம்மையாரை நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை விட்டுட்டுப் போச்சு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"கழுத்தை விட்டுட்டு எத்தனை போச்சு? அப்பா எப்பவும் எண்ணிட்டு வருவாங்க."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் குனிந்து கொடுக்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"எண்ணலையேம்மா."

"அடுத்த தடவை எண்ணிட்டு வாங்க, மாமா" என்றாள், இன்னொரு நண்டை எடுத்துத் திருப்பிக்கொண்டே.